முப்பது வருடம் காத்திருந்த பக்கம்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையைப் பினாங்கின் பழைய ஆட்கள் இன்னும் பிட் ஸ்திரீட் என்றுதான் சொல்கிறார்கள். வடக்கு முனைக்குப் பக்கத்தில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் தள்ளி, எந்நேரமும் ஊதுபத்திப் புகை சூழ்ந்த குவான் யின் கோயில். அடுத்து, குயின் ஸ்திரீட்டைப் பார்த்து நிற்கும் மகாமாரியம்மன் கோயிலின் பின்பக்கம். தெற்கே போனால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காதர் மொய்தீன் தலைமையில் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல். இதை நல்லிணக்கத் தெரு என்று சுற்றுலாக் கையேடுகளில் போடுவார்கள். இருக்கட்டும். ஓர் இன்ஜினியருக்கு வேறொன்றும் கண்ணில் படுகிறது. இந்த நான்கு இடங்களும் தங்கள் பெரிய நாளை நிலவைக் கணக்குப் போட்டுத்தான் குறிக்கின்றன.

ஈஸ்டர் என்றால் மார்ச் 21ஐ ஒட்டி வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. சீனப் புத்தாண்டு ஓர் அமாவாசைக் கணக்கு. தைப்பூசம் தை மாதப் பௌர்ணமியையும் பூச நட்சத்திரத்தையும் பார்க்கிறது. நோன்பு பிறைக்காகக் காத்திருக்கிறது. இந்தக் கணக்குக்குப் பினாங்கில் நல்ல வரலாறு உண்டு. 1906இல் சிங்கப்பூரிலிருந்து 'அல்-இமாம்' இதழைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஷேக் தாஹிர் ஜலாலுதீன், தொழுகை நேரத்தையும் கிப்லாத் திசையையும் லாகரிதம் வைத்துக் கணக்கிடுவதற்கு 1938இல் மலாயில் ஒரு புத்தகமே எழுதினார். இன்று தீவின் மேற்கே பந்தாய் ஆச்சேயில் உள்ள வானியல் மையம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இவை எல்லாமே 'எங்கே, எப்போது' என்று கேட்கிற கணக்குகள். நிலவு நாளைக்கு எங்கே இருக்கும்? கிரகணம் எத்தனை மணிக்குத் தொடங்கும்? 'இந்தக் கோள்கள் எப்படி வந்தன' என்பது முற்றிலும் வேறு கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் இன்று பெரிய கணினிகளில் இளம் நட்சத்திரங்களைச் சுற்றி வாயுவையும் தூசியையும் சுழலவிட்டுப் பார்க்கிறார்கள். முதல் கேள்வியிலிருந்து இரண்டாவது கேள்விக்கு வந்த பாதையில் தமிழர்கள் இரண்டு இடங்களில் நிற்கிறார்கள். ஒருவரை யாருக்கும் தெரியாது. இன்னொருவரை எல்லோருக்கும் தெரியும், ஆனால் இந்த விஷயத்துக்காகத் தெரியாது.

தெரியாதவரிடமிருந்து தொடங்குவோம். 1825இல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, 'கால சங்கலிதம்' என்ற தலைப்பில் தென்னிந்தியக் காலக் கணிப்பு முறைகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலைச் சென்னையில் அச்சிட்டார். அதில் பாண்டிச்சேரியில் சந்தித்த ஒரு பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதுகிறார். பெயரை வாரன் தன் காதுக்கு எட்டியபடி எழுதிவைத்திருக்கிறார். அதைத் திரும்பத் தமிழில் எழுதினால் 'சாமி நாடன் சஷியா' என்பதுபோல வருகிறது. பெற்றோர் வைத்த பெயர் நிச்சயம் இப்படி இருந்திருக்காது. அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, சோழிகளை நகர்த்தி நகர்த்தி ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்துக் கோத்த வாக்கியங்கள் அவை. நிலவின் ஓட்டம் 248 நாளுக்கு ஒரு முறை கிட்டத்தட்ட அப்படியே திரும்பும் என்பதுதான் அவற்றின் அடிப்படை.

1825 மே 31, ஜூன் 1 இரவு நடந்த கிரகணம் அது. தொடக்கத்தில் அவர் கணக்குக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். காகிதம் இல்லை, பேனா இல்லை. 1952இல் ஓட்டோ நொய்கெபவர் என்ற வரலாற்றாசிரியர் 'தமிழ் வானியல்' என்றே தலைப்பிட்டு இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாபிலோனியக் காலத்து எண் முறைகளோடு உறவுள்ள ஒரு கணித மரபு, 19ஆம் நூற்றாண்டுப் பாண்டிச்சேரியில் ஒருவர் கையில் இன்னும் உயிரோடு இருந்திருக்கிறது என்பதுதான் அவருக்கு ஆச்சரியம்.

இந்த இடத்தில் நம்மில் பலருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். ஆனால் வாரன் இன்னொன்றும் சொல்கிறார்: அந்த மனிதருக்குக் கணக்கின் பின்னால் உள்ள கோட்பாடு தெரியாது. இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய வேலைக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். திரும்பத் திரும்ப நடக்கும் ஒன்றை, முன்பு நடந்ததை வைத்தே சொல்லிவிடலாம். ஆனால் ஒரே ஒரு முறை, 456 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்து முடிந்த ஒன்றுக்கு வாக்கியம் கிடையாது. அதற்கு விதி வேண்டும்.

விதி இருந்தால் சிமுலேஷனின் அடிப்படை எளிமையானது. பத்தாயிரம் பாறைகளை நட்சத்திரத்தைச் சுற்றவிடு. ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் எவ்வளவு இழுக்கிறது என்று கணக்கிடு. எல்லாவற்றையும் கொஞ்சம் நகர்த்து. மறுபடி கணக்கிடு. பத்தாயிரம் பாறை என்றால் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 5 கோடி ஜோடிகள். பூமி உருவாகப் பல கோடி ஆண்டுகள் ஆனது என்பதால், எத்தனை சுற்று என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இந்தச் சுமைக்காகவே 1989இலிருந்து டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 'கிரேப்' என்ற கணினிகளைக் கட்டினார்கள். ஈர்ப்புவிசைச் சூத்திரம் ஒன்றை மட்டும் கணக்கிடத் தெரிந்த கணினிகள். வேறு எதற்கும் லாயக்கில்லை, அதில் மட்டும் புலி. 1972லிருந்து சிப் பொருத்தும் தொழிலில் இருக்கிற எங்கள் தீவுக்காரர்களுக்கு இது உடனே புரியும்.

விதியைச் சரியாக வைக்காமலும் அழகான விடை வரும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1970இல் ஸ்டீபன் டோல் என்பவர் கோள் உருவாக்கத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார். தூசி மேகத்துக்குள் ஒவ்வொன்றாகக் கருக்களை எறிவது, அவை தங்கள் பாதையில் உள்ள தூசியை விழுங்குவது, ஒன்றை ஒன்று நெருங்கினால் சேர்ந்துகொள்வது. வந்த படங்கள் நம் சூரியக் குடும்பத்தைப் போலவே இருந்தன. உள்ளே சின்னக் கோள்கள், நடுவில் பெரியவை, வெளியே மறுபடி சின்னவை. ஆனால் வளரும் கோள்கள் தூரத்திலிருந்தே ஒன்றின் பாதையை ஒன்று குலைப்பதோ, வாயு உண்மையில் எப்படி அசைகிறது என்பதோ அதில் இல்லை. விடை நிஜம்போல இருப்பதும் காரணம் நிஜமாக இருப்பதும் ஒன்று கிடையாது. என் தினசரிப் பிழைப்பே சிப் சூடாவதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான். கூட்டத்தில் சிவப்பும் நீலமுமாக ஒரு படம் திரையில் வந்ததும் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். படத்துக்குப் பின்னால் என்ன விதி இருக்கிறது என்று கேட்க ஒருத்தர் வேண்டும்.

கோள் உருவாக்கத்துக்கு அந்த விதிகளில் சிலவற்றை எழுதியவர்தான் நமக்கு நன்றாகத் தெரிந்த அந்த இரண்டாமவர். சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910இல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930இல் கப்பலேறியவர். இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்த சீதாலட்சுமியின் மகன். தமிழில் இவரைப் பற்றி எழுதினால் கப்பலில் போட்ட கணக்கு, 1935இல் எடிங்டன் அவையில் வைத்துக் கேலி செய்தது, 1983இல் நோபல் என்று மூன்று காட்சிகளில் முடித்துவிடுவோம். இறந்துபோகும் நட்சத்திரங்களின் ஆள் என்று முத்திரையும் குத்தியாகிவிட்டது. கோள்கள் பிறப்பதிலும் அவருக்குப் பங்கு உண்டு என்பதை யாரும் பேசுவதில்லை.

முதல் பங்கு 1943இல். பல சிறிய பொருட்களின் நடுவே ஒரு பெரிய பொருள் போகும்போது என்ன நடக்கும் என்று கேட்டார். பெரியதன் ஈர்ப்பில் சிறியவை அதன் முதுகுக்குப் பின்னால் கூடும். அந்தக் கூட்டம் பெரியதைப் பின்னோக்கி இழுக்கும். பெரியதன் வேகம் குறையும், சிறியவற்றின் ஆட்டம் கூடும். தைப்பூசக் கூட்டத்துக்குள் ஒரு சினிமா நட்சத்திரம் நடந்துபோக முயற்சி செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கு 'இயக்க உராய்வு' என்று பெயர். அவர் யோசித்தது நட்சத்திரக் கூட்டங்களைப் பற்றி. 1980களின் முடிவில் ஜார்ஜ் வெதரில், க்ளென் ஸ்டூவர்ட் இருவரும் அதைக் கோள்களின் விதைகளான பாறைகளுக்குப் பொருத்தினார்கள். உடனே ஒன்று தெளிவானது. பெரிய பாறையின் பாதை அமைதியாகிவிடுவதால், அது பக்கத்தில் வருபவற்றை எளிதாகப் பிடித்து விழுங்குகிறது. பெரியது இன்னும் பெரிதாகிறது. எல்லாம் மெதுவாகச் சமமாக வளராமல் சில மட்டும் ஓட்டமாக ஓடி வளர்வதற்கு இது முக்கியமான காரணம். 1990களில் எய்ச்சிரோ கொகுபோவும் ஷிகெரு இதாவும் செய்த சிமுலேஷன்களில், ஓடி ஜெயித்த சில பெரியவை இடைவெளி விட்டு ஆளுக்கொரு பகுதியை ஆள்வது தெரிந்தது.

இரண்டாவது பங்கு ஒரு மதிப்புரை. இரண்டாம் உலகப் போரின் நடுவே ஜெர்மனியில் கார்ல் ஃபிரீட்ரிக் ஃபான் வைசாக்கர், சூரியனைச் சுற்றிய வாயு வட்டில் சுழல்கள் உருவாகி, அவற்றின் விளிம்புகளில் கோள்கள் திரண்டன என்று ஒரு கோட்பாட்டை எழுதினார். 1945இல் ஜார்ஜ் காமோவும் ஆலன் ஹைனெக்கும் அதை அமெரிக்க வாசகர்களுக்கு அறிமுகம் செய்தார்கள். 1946இல் சந்திரசேகர் அதை விரிவாக எடுத்து விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். பெயர் பெற்ற ஒரு விஞ்ஞானி இன்னொருவருடைய கருத்தைப் பொறுமையாகப் படித்து, பிரித்து, மற்றவர்களுக்குச் சொல்கிறார். வைசாக்கர் வரைந்த ஒழுங்கான சுழல்கள் பின்னாளில் நிற்கவில்லை. ஆனால் கொந்தளிக்கும் வாயு வட்டுதான் கோள்களின் தொட்டில் என்ற பார்வை நின்றது. சந்திரசேகருக்கும் அடுத்த வருடங்களில் கொந்தளிப்பே பெரிய விஷயமானது. 1949இல் அமெரிக்க வானியலாளர்கள் அவருக்குக் கொடுத்த கௌரவ உரைக்கு அவர் எடுத்துக்கொண்ட தலைப்பும் அதுதான்.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணமான பக்கம். வட்டில் சுழலும் வாயு நட்சத்திரத்தில் விழ வேண்டும் என்றால் அது தன் கோண உந்தத்தை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். அதாவது, சுற்றும் சுற்றை இழக்க வேண்டும். சாதாரணக் கணக்கின்படி வட்டு அமைதியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒன்றும் உள்ளே வராது. 1973இல் ஷாகுராவும் சுன்யாயெவும் கருந்துளை வட்டுகளுக்காக, 'காரணம் எதுவானாலும் இருக்கட்டும்' என்று ஆல்பா என்ற எழுத்தை அந்த இடத்தில் வைத்தார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் அந்த எழுத்தை வைத்தே காலம் ஓட்டினார்கள்.

பதில் அதற்கு முன்பே அச்சில் இருந்தது. 1959இல் சோவியத் ஒன்றியத்தில் யெவ்கேனி வெலிகோவும், 1960இல் தனியாகச் சந்திரசேகரும், இரண்டு உருளைகளுக்கு நடுவே சுழலும் திரவத்தில் மெல்லிய காந்தப்புலம் இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். விடை விசித்திரமானது. காந்தப்புலம் இல்லாவிட்டால் அமைதியாக இருக்கும் ஓட்டம், துளியூண்டு காந்தப்புலம் வந்ததும் நிலைகுலைகிறது. இரண்டு பேர் ஒரு ரப்பர் பட்டையைப் பிடித்துக்கொண்டு வட்டமாக ஓடுகிறார்கள் என்று வையுங்கள். உள்வட்டத்தில் ஓடுபவர் முந்துகிறார். ரப்பர் அவரைப் பின்னால் இழுக்கிறது. தரையில் என்றால் வேகம் குறையும், அவ்வளவுதான். விண்வெளியில் அப்படிப் பின்னிழுக்கப்பட்டவர் இன்னும் உள்ளே விழுவார், அங்கே இன்னும் வேகமாகச் சுற்றுவார். ரப்பர் இன்னும் நீளும். வெளியே இருப்பவர் இன்னும் வெளியே தள்ளப்படுவார். அந்த ரப்பர்தான் காந்தப்புலம். 1961இல் வந்த அவருடைய தடித்த புத்தகத்திலும் இது இருக்கிறது.

அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். 'கம்ப்யூட்டர்' என்பது அந்த நாளில் ஓர் உத்தியோகத்தின் பெயர். 1948இல் டோனா எல்பர்ட் என்ற இளம்பெண் யெர்க்ஸ் வானாய்வகத்தில் சந்திரசேகரிடம் அந்த வேலைக்குச் சேர்ந்தார். முப்பது வருடத்துக்கு மேல் அவர் கூடவே கணக்குப் போட்டார். புத்தகத்தின் அட்டவணைகளில் அவர் கை உண்டு. சுழற்சியும் காந்தப்புலமும் சேரும் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இரண்டு விதமான வெப்ப ஓட்டங்கள் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை அவரே கண்டுபிடித்தார். அதை அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறார் சந்திரசேகர். அடிக்குறிப்பில் இருந்த அந்த வேலையை எடுத்து, சூசன் ஹார்ன், ஜொனாதன் ஆர்னோ என்ற இருவர் 2022இல் 'எல்பர்ட் வரம்பு' என்று பெயர் வைத்தார்கள். எல்பர்ட் அதற்குள் காலமாகிவிட்டார்.

1960இன் பக்கமும் அப்படித்தான் கிடந்தது. உருளைத் திரவங்களைப் படிப்பவர்கள் வாயு வட்டுகளைப் பற்றி யோசிக்கவில்லை. வட்டுகளைப் படிப்பவர்கள் உருளைகளைப் பற்றிய அத்தியாயத்தைத் திறக்கவில்லை. 1991இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் பால்பஸ், ஜான் ஹாலி இருவரும் அந்த நிலைகுலைவை வட்டுகளுக்குக் கொண்டுவந்தார்கள். காகிதத்தில் காட்டியதோடு விடாமல் கணினியிலும் ஓட்டிக் காட்டினார்கள். ஆல்பா நின்ற இடத்தில் இப்போது ஒரு காரணம் நின்றது. அப்போது சந்திரசேகருக்கு 80 வயது, உயிரோடு இருந்தார். இடையில் கணினிகள் எத்தனையோ மடங்கு வளர்ந்திருந்தன. அந்த வேகம் மட்டும் இந்த விடையைக் கண்டுபிடிக்கவில்லை.

'நம்ம ஆளுதான் கோள் பிறப்பின் ரகசியத்தைக் கண்டுபிடித்தார்' என்று பதிவு போட இது வசதியான இடம். ஆனால் கதை இங்கே முடியவில்லை. ரப்பர் வேலை செய்ய வாயு காந்தப்புலத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு வாயுவில் மின்னூட்டம் வேண்டும். கருந்துளையைச் சுற்றிக் கொதிக்கும் வட்டில் அது தாராளம். கோள்கள் பிறக்கும் வட்டு குளிரானது. 1996இல் சார்ல்ஸ் காமி, அதன் உட்பகுதியில் இந்த நிலைகுலைவு செத்துக்கிடக்கும் ஒரு மண்டலம் இருக்கும் என்று காட்டினார். 2013இல் ஷூயெனிங் பாயும் ஜேம்ஸ் ஸ்டோனும் செய்த சிமுலேஷன்களில், பூமி இருக்கும் தூரத்தில் நிலைகுலைவு அடங்கிவிட்டது. அதற்குப் பதில் காந்தப்புலத்தைப் பிடித்துக்கொண்டு வட்டின் மேற்பரப்பிலிருந்து வீசும் காற்று கோண உந்தத்தை வாரிக்கொண்டு போனது. ஆக, சந்திரசேகரின் விடை கருந்துளைகளுக்குப் பெரிய அளவில் பொருந்துகிறது. கோள்களுக்கு ஓரளவுதான்.

2014 நவம்பரில் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள ஆல்மா தொலைநோக்கி, சுமார் 450 ஒளியாண்டு தூரத்தில் உள்ள எச்.எல். டௌரி என்ற இளம் நட்சத்திரத்தின் படத்தை வெளியிட்டது. வட்டில் வரிவரியாக இருண்ட வளையங்கள். வயது பத்து லட்சம் ஆண்டுக்கு மேல் இருக்காது. அத்தனை சின்ன வயதில் இத்தனை வளையங்களா என்று எல்லோரும் அசந்துபோனார்கள். உடனே சிமுலேஷன்கள் வரிசையாக வந்தன. கோள்கள் வாயுவை விலக்கியதால் வளையம் என்றது ஒன்று. கோளே இல்லாமல் காந்தப்புலத்தாலும் வளையம் வரும் என்றது இன்னொன்று. படங்கள் எல்லாம் நிஜம்போலவே இருக்கின்றன. பாண்டிச்சேரிச் சோழிகளிடம் கேட்க முடியாத கேள்வியை இவற்றிடம் கேட்கலாம், கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்: எந்த விதியினால் இந்த விடை வந்தது?

புத்தகங்களையும் மதிப்புரைகளையும் படிக்கிற நமக்கு, இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் நோபல் மேடை கிடையாது, 1946 கட்டுரைதான். பின்னால் தோற்றுப்போன ஒரு கோட்பாட்டை, எதிரி நாட்டிலிருந்து போர்க்காலத்தில் வந்ததை, வேறொரு துறையில் ஏற்கெனவே பெயர் வாங்கிவிட்ட ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்திருக்கிறார். அதே கவனத்தோடு அவருடைய சொந்தப் பக்கத்தை மற்றவர்கள் படிக்க முப்பது வருடம் ஆனது. அவர் எழுதிய அடிக்குறிப்பிலிருந்து டோனா எல்பர்ட்டின் பெயர் மேலே வர அறுபது வருடம். பாண்டிச்சேரிப் பஞ்சாங்கக்காரரின் சரியான பெயரை இன்னும் யாரும் எழுதவில்லை.